டிரம் தோட்டம் வாடுகிறதா? எந்த உயரத்தில் வாடுகிறது என்று முதலில் பாருங்கள்

என் முதல் டிரம் மூன்றே மாதத்தில் படுத்துவிட்டது. 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம், சுற்றிலும் செடி நட முப்பது பாக்கெட் (சுவரைக் கீறி, உதடுபோல வெளியே வளைத்த வாய்கள்), நடுவில் தண்ணீர் ஊற்ற ஒரு குழாய். நட்ட முப்பதில் மிஞ்சியவை ஏழு. எரிச்சலில் மாடியிலேயே கவிழ்த்துக் கொட்டினேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அடியில் ஒரு அடி உயரத்துக்குக் கலவை (தென்னை நார்க்கழிவும் மட்கு உரமும் சேர்ந்தது) கருத்து, சாக்கடை வாடை அடித்தது. மேலே ஒரு அடி காப்பித்தூள் மாதிரி காய்ந்து உதிர்ந்தது. இடையில் இருந்த ஒரு அடியில்தான் வேர் என்று சொல்லும்படி ஏதோ இருந்தது. பிழைத்த ஏழும் அந்த நடு வரிசைகளில் நின்றவை.

தொட்டியில் செடி வாடினால் செடியைப் பார்த்தால் போதும். டிரம்மில் போதாது. மூன்றடி உயரத்தில் ஒரே கலவை மேலே பாலைவனமாகவும் கீழே சேறாகவும் ஒரே நேரத்தில் இருக்கும். ஆகவே மருந்து வாங்கக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுங்கள். வரிசைகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள். பக்கவாட்டில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. வாடியது, மஞ்சளானது, செத்தது எல்லாவற்றுக்கும் அந்தந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. குறிகள் மேலே கூடுகின்றனவா, கீழே கூடுகின்றனவா, ஒரே பக்கத்திலா, ஒரே பயிரிலா என்பதிலேயே பாதி விடை வந்துவிடும்.

நான் சொல்லும் கணக்கெல்லாம் மாடித் தோட்டக்காரர்கள் வழக்கமாக வாங்கும் அந்த டிரம்முக்கு: உயரம் சுமார் 3 அடி, விட்டம் 2 அடிக்குச் சற்றுக் குறைவு, சுற்றளவு 6 அடி. வரிசைக்கு ஆறு பாக்கெட்டாக ஐந்து வரிசை, வரிசைக்கு வரிசை அரை அடி இடைவெளி. மேல் பாக்கெட்டுக்கு நேர் கீழே அடுத்த பாக்கெட் வராமல் மாற்றி மாற்றி வெட்டியிருக்க வேண்டும். மேல் வாய் முழுதும் திறந்திருக்கும். அங்கே தக்காளி, கத்திரி, மிளகாய். பக்கங்களில் கீரை, புதினா, கொத்தமல்லி.

மேல் வரிசைகள் காய்கின்றன, அடியில் தண்ணீர் வழிகிறது

பத்தில் எட்டு டிரம்கள் இந்த வியாதிக்காரர்கள்தான் என்பேன். நீங்கள் தினமும் தண்ணீர் விடுகிறீர்கள், அடித்துளையில் வழிவதையும் பார்க்கிறீர்கள், "முழுக்க நனைந்துவிட்டது" என்று நம்புகிறீர்கள். வழிந்தது நனைக்காமல் ஓடிய தண்ணீர்.

சோதிக்க ஒரு ஈர்க்குச்சி போதும். தென்னந்துடைப்பத்திலிருந்து நீளமாக ஒன்றை உருவி, மேல் வரிசைப் பாக்கெட் வழியாக அரை அடி உள்ளே செருகி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். கலவை ஒட்டிக்கொண்டு ஈரமாக வந்தால் சரி. துடைத்த மாதிரி வந்தால் உள்ளே வறட்சி. அடுத்து நடு வரிசை, அப்புறம் கடைசி வரிசை. மூன்று குச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டிரம்மின் உள்படம் கிடைத்துவிடும்.

காரணம் இரண்டு. முதலாவது, நடுக்குழாய். பெரும்பாலோர் குழாய் முழுக்க ஒரே அளவில், ஒரே இடைவெளியில் துளை போடுகிறார்கள். தண்ணீர் ஊற்றினால் அது மேல் துளைகளைக் கண்டுகொள்ளாமல் நேரே அடிக்குப் போய், கீழ்த் துளைகளில் அழுத்தத்தோடு வெளியேறிவிடும். புதிதாகச் செய்பவர்கள் தண்ணீருக்கென்று தனியாக ஒரு இஞ்ச் பி.வி.சி. குழாய் வையுங்கள். மேல் பாதியில் 3 மி.மீ. துளைகளை நெருக்கமாகவும் கீழ்ப் பாதியில் நாலைந்து மட்டுமாகவும் போட்டு, அடிமுனையை மூடிவிடுங்கள். ஏற்கெனவே டிரம்மை நிரப்பிவிட்டவர்கள் அதைப் பிரிக்க வேண்டாம். குழாயின் கீழ்ப் பாதியில் ஆற்று மணலோ எம்-சாண்டோ கொட்டுங்கள். தண்ணீர் கீழே இறங்கத் தயங்கும்போது மேல் துளைகளுக்கு வேலை வரும். அழகான தீர்வு இல்லை, ஆனால் என் இரண்டாவது டிரம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் கள்ளத்தனமானது. ஒருமுறை கலவை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது சுருங்கி, டிரம் சுவரிலிருந்து விலகி நிற்கும். அந்த விரல்கனம் இடுக்கு வழியாக ஊற்றும் தண்ணீரெல்லாம் சுவரோடு சறுக்கி அடிக்குப் போய்விடும். காய்ந்த மட்கு உரம் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. மேலே முத்து முத்தாக நிற்கும். ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்து குடம் குடமாகக் கொட்டியும் செடி நிமிராததற்கு இதுதான் காரணம். விளிம்பைச் சுற்றிக் கைவிரலால் கலவையை அழுத்தி இடுக்கை மூடுங்கள். ஒரு கம்பியால் மேலிருந்து ஏழெட்டு இடங்களில் ஆழமாகக் குத்துங்கள். பிறகு பூவாளியில் இரண்டு லிட்டர் மட்டும் விட்டு, பத்து நிமிடம் கழித்து இன்னொரு இரண்டு லிட்டர், மறுபடி பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. ஒரே மூச்சில் ஊற்றும் பத்து லிட்டரைவிட இந்த ஆறு லிட்டர் அதிகம் நனைக்கும்.

எவ்வளவு தண்ணீர் தேவை என்று கேட்பார்கள். நிறைந்து நிற்கும் என் டிரம் மே மாதத்தில் நாளுக்கு 8 முதல் 10 லிட்டர் குடிக்கிறது. மார்கழியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அதில் பாதி. கணக்கைவிட ஈர்க்குச்சியை நம்புங்கள்.

மேல் தக்காளியில் பழத்தின் அடிப்பக்கம் கருத்துத் தோல்போல் அமுங்கினால் அதுவும் இதே வியாதிதான். ஒருநாள் வறட்சி, ஒருநாள் வெள்ளம் என்று மாறினால் சுண்ணாம்புச் சத்து பழத்துக்குப் போய்ச் சேராது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகும் என்பார்கள். ஓடு கரைந்து சத்தாக மாற மாதக்கணக்கில் ஆகும். ஈரத்தைச் சீராக்குங்கள், அடுத்த கொத்துப் பழங்கள் தானாகத் தேறிவிடும்.

கீழ் வரிசைகள் மட்டும் மஞ்சளாகி அழுகுகின்றன

மேலே எல்லாம் செழிப்பு, கடைசி இரண்டு வரிசைகளில் மட்டும் பெருக்கல் குறி என்றால் வடிகால் அடைத்திருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று உள்நரம்பு மட்டும் கையில் நின்றால் அது அழுகல்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையை உடைக்க வேண்டும். "அடியில் நாலு விரல் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும்" என்பது தலைமுறை தலைமுறையாக வரும் அறிவுரை. வடியாது. மெல்லிய கலவையிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை. ஜல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும். ஜல்லி போட்டதன் ஒரே பலன், சேறு நாலு விரல் மேலே ஏறிவருவதுதான். அடித்துளைகள்மேல் ஒரு துண்டு கொசுவலையோ தேங்காய் நாரோ பரப்பி, நேரடியாகக் கலவையை நிரப்புங்கள்.

ஏற்கெனவே நிரம்பி நிற்கும் 150 கிலோ டிரம்மைக் கவிழ்த்து அடியில் துளை போட முடியாது. தேவையும் இல்லை. தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், பக்கச் சுவரில், சுற்றிலும் ஆறேழு இடங்களில் 10 மி.மீ. டிரில் பிட்டால் துளையிடுங்கள். தேங்கிய தண்ணீர் கருப்பாகக் கொட்டும். வாளி வைத்துக்கொள்ளுங்கள், வாடைக்குத் தயாராக இருங்கள். டிரம் நேரடியாகத் தளத்தில் உட்கார்ந்திருந்தால் அடித்துளை இருந்தும் பயனில்லை. செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்துத் தூக்குவதை நிரப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எல்லா டிரம்மிலும் நடக்கும். மழை நாள்களில் மேல் வாயை ஒரு பழைய பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். காற்று போக ஓரத்தில் வழி இருக்கட்டும். மூடாவிட்டால் தண்ணீரோடு சத்தும் கரைந்து போய், தையில் செடியெல்லாம் வெளிறி நிற்கும்.

ஒரே பக்கம் மட்டும் சோனி

குறிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே திசையில் வரிசை கட்டினால் நோயைத் தேடாதீர்கள், வெயிலைத் தேடுங்கள். டிரம் தன் நிழலைத் தன் முதுகிலேயே போட்டுக்கொள்ளும்.

வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்துவிட்டு அப்படியே செய்பவர்கள் உண்டு. நம் ஊருக்கு அது பாதி உண்மை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. தெற்கே போகப் போக அந்தக் காலம் இன்னும் நீளும். அந்த மாதங்களில் தெற்குப் பக்கப் பாக்கெட்டுகளுக்குத்தான் வெயில் குறைவு. டிசம்பரிலோ நண்பகலிலேயே சூரியன் 36 பாகை தெற்கே சாய்ந்துவிடும். வடக்குப் பக்கம் நாள் முழுக்க மங்கல். ஆடியில் வடக்கே நன்றாக வந்த மிளகாய் மார்கழியில் அதே இடத்தில் பூக்காமல் நிற்பது இதனால்தான்.

டிரம்மைத் திருப்பலாம் என்று சக்கரம் வைத்த பலகைமேல் ஏற்றுபவர்கள் உண்டு. கட்டில் கால் சக்கரமெல்லாம் நசுங்கிவிடும். மூட்டை தள்ளும் வண்டிக்குப் போடும் இரும்புச் சக்கரம் நான்கு தேவை. நான் திருப்புவதில்லை. அந்தப் பருவத்தில் மங்கலாகும் பக்கத்தில் புதினா, கொத்தமல்லி, பாலக் வைத்துவிடுகிறேன். கைப்பிடிச் சுவருக்கு ஒட்டி வைத்திருந்தால் மட்டும் குறைந்தது ஒன்றரை அடி நகர்த்தியே ஆக வேண்டும். சுவர்ப்பக்கப் பாக்கெட்டுக்குக் கையும் போகாது, வெளிச்சமும் போகாது.

பாக்கெட்டிலிருந்து கலவை கொட்டுகிறது, நாற்றைக் காணவில்லை

நட்ட இரண்டாம் வாரம் நாற்று உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி மறைந்துபோகும். டிரம்மைச் சுற்றித் தளத்தில் கலவை சிந்தியிருக்கும். இரண்டுக்கும் ஒரே காரணம்: கலவை அமர்கிறது. நார்க்கழிவும் மட்கும் சேர்ந்த கலவை முதல் ஒன்றிரண்டு மாதத்தில் அரை அடி இறங்குவது சாதாரணம். அது இறங்கும்போது நாற்றின் வேர்ப்பந்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

நிரப்பும்போதே அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அரை அடிக்கும் தண்ணீர் விட்டுக் கையால் லேசாக அமுக்குங்கள். ஏறி மிதிக்கக் கூடாது; மிதித்தால் காற்றுப் போகாது. நிரப்பி ஒரு வாரம் சும்மா விட்டு, இறங்கிய அளவுக்கு மேலே சேர்த்து, அதன்பிறகு நடுங்கள். அந்த ஒரு வாரம் பொறுக்க முடியாமல்தான் நாமெல்லாம் கெடுத்துக்கொள்கிறோம்.

பாக்கெட் வாயில் உரிமட்டை நாரைப் பந்தாகச் சுருட்டி நாற்றின் கழுத்தைச் சுற்றி அடைத்தால் சிந்துவது நின்றுவிடும். கோணித் துண்டும் சரிதான், ஆனால் ஆறு மாதத்தில் மட்கிவிடும். பாக்கெட்டில் விதை போடாதீர்கள். தண்ணீர் விட்டதும் விதை உருண்டு வெளியே வரும், அல்லது உள்ளே போய்விடும். நாலு இலை வந்த நாற்றை வேர் டிரம்மின் நடுப்பக்கம் பார்க்கும்படி சற்றுச் சாய்த்துச் செருகுங்கள். முள்ளங்கி, கேரட் போன்றவை பாக்கெட்டுக்கு ஆகாது. மேல் வாய்க்கு மட்டும்.

இத்தனை செய்தும் கொட்டிக்கொண்டே இருந்தால் பாக்கெட்டின் உதடு போதவில்லை என்று பொருள். கீழ் உதடு கிண்ணம்போல் மூன்று விரல் வெளியே வந்து, மேல்நோக்கி நிற்க வேண்டும். வெறும் கீறலாக இருந்தால் வேறு வழியில்லை, ஒரு உடைந்த பிளாஸ்டிக் கப்பைக் குறுக்கே வெட்டி உதடுபோலச் செருகுங்கள்.

நட்ட பத்தே நாளில் எல்லா வரிசையிலும் இலை ஓரம் கருகுகிறது

உயரமும் திசையும் பார்க்காமல் முழு டிரம்மும் ஒரே மாதிரி கருகினால் குற்றவாளி கலவை. முதல் சந்தேகம் நார்க்கழிவுமேல். கழுவாத நார்க்கழிவில் உப்பு கூடுதலாக இருக்கும். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை உப்பும். இரண்டு கட்டி போட்டால் டிரம்மில் பாதிக்கு மேல் அதுதான். அதை ஒருமுறை ஊறவைத்துப் பிழிந்தால் போதாது. மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடியுங்கள். வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் சோதிக்க வாங்கிய டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) இருந்தால் ஊற்றிய தண்ணீரையும் வடிந்த தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் நெருங்கி வரும்வரை கழுவ வேண்டும். ஏற்கெனவே நட்டாயிற்றா? மேலிருந்து மெதுவாக, அடியில் தாராளமாக வழியும் அளவுக்கு இரண்டு மூன்று நாள் தண்ணீர் விட்டு உப்பை வெளியேற்றுங்கள். மழைத்தண்ணீர் கிடைத்தால் மிக நல்லது.

இரண்டாவது சந்தேகம் மட்காத சாணம். கலவைக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே இன்னும் வெந்துகொண்டிருக்கிறது. செடிகளை எடுத்துத் தனியே வைத்துவிட்டு மூன்று நான்கு வாரம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அழுகுரல் எழுப்பிப் பயனில்லை, நானும் எழுப்பியிருக்கிறேன்.

மூன்றாவது, பாக்கெட் உதடுகளில் வெள்ளையாக உப்புப் படிவது. போர் தண்ணீர் விடும் வீடுகளில் வரும். மாதம் ஒருமுறை மேலே சொன்னபடி அலசிவிடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் பசி. டிரம்மில் இருப்பது ஒரு கைப்பிடி மண், முப்பது வாய். மேலே இரண்டு கை மண்புழு உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் போட்டுக் கிளறி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா தெளியுங்கள்.

கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்து. கடினமான போர் தண்ணீரின் வேலை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள். அதிகம் போட்டால் இலை கருகும்.

நடுக்குழாய் நாறுகிறது, புழுக்கள் காணாமல் போய்விட்டன

சிலர் நடுவில் நாலு இஞ்ச் குழாய் வைத்து, சுற்றிலும் துளை போட்டு, சமையலறைக் கழிவையும் மண்புழுவையும் அதற்குள் விடுகிறார்கள். அருமையான யோசனைதான். ஆனால் அதைக் குப்பைக்கூடையாக நினைத்துவிடுகிறோம். சாம்பார் மிச்சம், தயிர்சாதம், எண்ணெய், மீன் முள் எல்லாம் போனால் நாறாமல் என்ன செய்யும்? காய்கறித் தோல், வடிகட்டிய டீத்தூள், முட்டை ஓடு மட்டும். ஒரு கை கழிவு போட்டால் இரண்டு கை காய்ந்த சருகோ கிழித்த செய்தித்தாளோ. இப்போது நாறிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் எதுவும் போடாமல், நீளக் கம்பியால் கிளறிக் காற்று விட்டு, சருகை நிரப்புங்கள்.

புழு செத்ததாகப் பதற வேண்டாம். துளை வழியாகக் கலவைக்குள் போயிருக்கும். போகட்டும், அதற்குத்தானே துளை. உண்மையிலேயே செத்திருந்தால் இரண்டு காரணம்: வெயிலில் குழாய் சூடாகியிருக்கும், அல்லது தோட்டத்து மண்ணைத் தோண்டிப் பிடித்த புழுவை விட்டிருப்பீர்கள். மண்ணில் வாழும் புழு வேறு, குப்பையில் வாழும் புழு வேறு. மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் வாங்குங்கள்.

குழாய்க்கு இறுக்கமான மூடி கட்டாயம். இல்லையேல் கரப்பான் வரும், அதைத் தேடிப் பல்லி வரும், கடைசியில் எலி வரும்.

மத்தியானம் மொத்த டிரம்மும் தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்கிறது

கத்திரி வெயிலில் இது வரும். ஈர்க்குச்சி ஈரமாக வந்தால் தண்ணீர் விடாதீர்கள். வேரைச் சுற்றிக் கொதிப்புதான் காரணம், தாகம் இல்லை. கருநீல டிரம் வெயிலைக் குடித்துவிட்டு உள்ளே அனுப்புகிறது. மேற்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், எடுத்துவிடுவீர்கள். வெளிப்புறம் முழுக்கச் சுண்ணாம்போ வெள்ளை பெயிண்டோ அடியுங்கள். மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். அவசரத்துக்கு மேற்குப் பக்கத்தில் ஈரக் கோணி தொங்கவிட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும். தக்காளி அந்த மாதத்தில் பூவைக் கொட்டத்தான் செய்யும். பகலும் கொதித்து இரவும் புழுங்கினால் காய் பிடிக்காது. அதற்கு எந்த டானிக்கும் வாங்காதீர்கள், ஆடிப்பட்டத்துக்குக் காத்திருங்கள்.

பாக்கெட்டின் ஓரத்தில் விரிசல்

வெட்டும்போது செய்த தவறு இப்போது தெரிகிறது. கீறலின் இரு முனைகளிலும் முதலில் 8 மி.மீ. வட்டத் துளை போட்டு, அந்த இரண்டையும் இணைத்து வெட்ட வேண்டும். முனை கூர்மையாக முடிந்தால் கலவையின் எடை அங்கிருந்து கிழித்துக்கொண்டே போகும். இப்போதும் தாமதமில்லை: விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு துளை போட்டால் அதோடு நிற்கும்.

வளைக்கும்போது ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிக் காட்டுங்கள். மேற்பரப்பு பளபளப்பாகி இளகியதும் ஒரு மரக்கட்டையைச் செருகி, ஈரத்துணி ஒற்றி ஆறும்வரை அப்படியே விடுங்கள். கொதிநீர் ஊற்றி வளைக்க முயன்றேன். சுவர் தடிமனுக்கு அது போதவில்லை. அடுப்பில் காய்ச்சிய இரும்புக்கம்பி வளைக்கும், ஆனால் கருக்கும், புகையும் வரும். எதுவானாலும் திறந்த வெளியில் செய்யுங்கள்.

எறும்பு வரிசை, வெள்ளைப் பஞ்சு

எறும்பு கூடு கட்டினால் அந்த இடம் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் கூடவே இருந்தால் அவற்றின் தேனுக்காக எறும்பே அவற்றைக் காவல் காக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. பாக்கெட் உதட்டின் உள்மடிப்பில் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கும். அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

எல்லாம் சரி, ஆனால் எதுவுமே வளரவில்லை

கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி, உண்மையில் முதலில் கேட்டிருக்க வேண்டியது: அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது? பழைய டிரம் கடைகளில் பழச்சாறு, எண்ணெய் வந்த டிரம்மும் இருக்கும், சாயப்பட்டறை டிரம்மும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நீலம். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருப்பது அது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே இருந்தது என்ன என்று சொல்லாது. ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு "சும்மா தண்ணி டிரம் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ வந்த டிரம் என்று தெரிந்தால் எத்தனை முறை கழுவினாலும் அதில் சாப்பிடும் பொருள் வளர்க்க வேண்டாம்.

தளத்தில் கறை, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம்

காப்பி நிறத்தில் வழியும் தண்ணீர் நார்க்கழிவின் சாயம். சில வாரத்தில் வெளிறும். அடியில் தட்டு வைத்துப் பிடித்து, தண்ணீர் கலந்து மீண்டும் மேலேயே ஊற்றலாம். தட்டில் தண்ணீரை ஒரு வாரம் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசுவுக்கு அந்த அவகாசம் போதும்.

கூரையில் ஈரமோ விரிசலோ தெரிந்தால் மட்டும் விளையாட வேண்டாம். அன்றே கலவையை அள்ளிக் காலி செய்யுங்கள். நார்க்கழிவுக் கலவை நனைந்தால் டிரம் 150 முதல் 180 கிலோ. முழுக்க மண் நிரப்பினால் 300 கிலோவைத் தாண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875, ஆள் ஏறும் மொட்டை மாடிக்குக் கணக்கில் கொள்ளச் சொல்லும் பளு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. டிரம்மோ கால் சதுர மீட்டரில் நிற்கிறது. தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே தூணோ பீமோ சுவரோ இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். நான்கு டிரம்மை ஒரே மூலையில் குவிக்காதீர்கள். பழைய மெட்ராஸ் டெர்ரஸ் (மர உத்திரங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட கூரை) கட்டடம் என்றால் மாடியில் வேண்டாம், தரையில் வையுங்கள்.

பிரித்துவிட வேண்டிய நேரம்

இரண்டு வருடம் ஓடிய டிரம் என்ன செய்தாலும் மந்தமாகவே இருந்தால் வைத்தியத்தை நிறுத்துங்கள். கலவை மட்கி மாவாகியிருக்கும், காற்றுப் போக இடமிருக்காது. சித்திரைக் கடைசியில் கீரையெல்லாம் பறித்து முடித்துவிட்டுக் கவிழ்த்துக் கொட்டுங்கள். வேர்களில் மணி மணியாக முடிச்சுகள் தெரிந்தால் அது நூற்புழு. அந்த வேர்களை உரக்குழிக்கு அனுப்பாமல் எரித்துவிடுங்கள். கலவையை நனைத்து, அரை அடி கனத்தில் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களில் செங்கல் வைத்து நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். அதன்பின் மூன்றில் ஒரு பங்கு புது மட்கும், கொஞ்சம் ட்ரைக்கோடெர்மா விரிடியும் (வேர் அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்து நிரப்பினால் ஆடிக்குள் அமர்ந்து தயாராகிவிடும்.

டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது அடித்துளைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான் போட்டவை பன்னிரண்டு. திறந்திருந்தவை நான்கு, மற்றவற்றைப் புதினா வேர் தக்கைபோல் அடைத்திருந்தது.